மரண சாசனமும் மறக்கப்பட்டோரும்

உயில் என நாம் வழங்குஞ் சொல், துயில், பயில், வெயில் என்பவற்றோடு ஓசையில் ஒத்து நிற்றலாற் பழந்தமிழ்ச் சொற்போலத் தோன்றும். ஆயினும் நம் இலக்கியங்களுள் இப்பொருளில் இது பயின்றதில்லை. விருப்பத்தை உணர்த்தும் ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நம்மவர் தம் நாவிற்கு இசைய மாற்றி உயில் என்றாக்கிக்கொண்டனர். கற்றோர் அதற்கு ஈடாக எழுதிவந்த மரண சாசனம் என்பது வடசொற்றொடர். மலைக்கு மேற்கே மலையாளத்தார் கூறும் ஒசியத்து என்பதோ அரபு மொழியின் வசிய்யத்து என்பதன் திரிபு. மூன்றும் வந்த சொற்களே. கொடைப் பொருளிலே இரப்போன் தாழ்ந்தவனாயின் ஈ என்றும், ஒத்தவனாயின் தா என்றும், உயர்ந்தவனாயின் கொடு என்றும் வேறுபடுத்திக் கூறுமாறு தொல்காப்பியனார் இலக்கணம் வகுத்தனர். அத்துணை நுண்ணிதாகக் கொடையை ஆராய்ந்த மொழியில், இறந்தபின் கொடுத்தற்கு ஒரு தனிச்சொல் இல்லாமை நினைக்கத் தக்கது.

இதன் காரணம் நம் தாயமுறையிற் கிடக்கின்றது. சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) ஆண்ட காலத்தில், விஞ்ஞானேசுவரர் யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாட்சரம் என்னும் உரை வரைந்தனர். தென்னாட்டு இந்துக்களின் பாகப்பிரிவினைக்கு அதுவே பெரும்பாலும் பிரமாணமாயிற்று. அதன்படி மகன் பிறந்த அன்றே மூதாதையர் சொத்தில் தந்தையோடு ஒப்ப உரிமை பெறுகின்றான். பிரியாத குடும்பத்தில் ஆண்மகன் ஒருவன் இறந்தால் அவன் பங்கு எஞ்சிய பங்காளிகளிடமே சேர்ந்துவிடும். ‘இஃது என்னுடையது, எனக்குப்பின் இன்னாரைச் சேர்க’ என்று ஒருவன் சொல்லுதற்கு ஆங்கே இடமில்லை. மனைவிக்குச் சோறும் உடையும், மகளுக்கு மணச்செலவும் சீரும் உண்டு; அதற்குமேல் நிலத்தில் அவர்க்குப் பேச்சில்லை. மகன்மார் நினைவூட்டப்பட வேண்டாதவர். பெண்டிரோ நினைவூட்டினும் பங்கு பெறாதவர்.

இவ்விடத்தே யாம் சொல்லக் கருதியதைச் சொல்லிவிடுகின்றோம். உயில் என்னும் புதுக் கருவி நம் நாட்டிற் புகுந்த காலத்து, சாஸ்திரமும் சட்டமும் மறந்தவரை ஒருவன் நினைத்தற்கு அது வழி திறந்தது. இக்காலத்திலோ, சட்டம் நினைவிற் கொண்டவரை மறத்தற்கு அதே கருவி எடுக்கப்படுகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்ததென்பதே இக்கட்டுரை.

உயிலுக்கு முற்பட்ட கொடை எத்தகையதென்பதை அறிய நம் ஆய்க்குடியிலிருந்தே தொடங்கலாம். பொதியிற் சாரலை ஆண்ட வேள் ஆய் அண்டிரனது பதி ஆய்க்குடி. அது நம்மூரே என்று இவ்வூரார் பெருமை கொள்வர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் உள. யானைகளையெல்லாம் பாணர்க்கு அளித்துவிட்டமையாற் கட்டுத்தறிகள் வெறுமையாய்க் கிடக்க, அங்கே காட்டுமயில்கள் கூட்டமாய் வந்து தங்கின என்றும், பிறர்க்குக் கொடுத்தற்கியலாத மங்கல அணியொன்றையே உடைய மகளிரோடு அவ்வரண்மனை பொலிவிழந்து நின்றது என்றும் அவர் கூறுகின்றார். புலவர் இதனைப் புகழாகவே பாடினார், அது புகழேயாம். ஆயினும், வள்ளலின் வீட்டுப் பெண்டிர்க்கு எஞ்சியது யாது என்பதனையும் அச்செய்யுளே குறித்து வைத்திருத்தல் எம் கண்ணுக்குத் தப்பவில்லை.

கல்வெட்டுக்களைப் பார்ப்போர்க்கும் இவ்வாழ்நாட்கொடையே காணப்படும். சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு விடுதல் பெருவழக்கு. ஆடு இறப்பினும் மூப்பினும் குட்டி அதன் இடத்தை நிரப்புமாதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கொடுத்தவன் உயிரோடிருக்கும்போதே ஆடு கைமாறிற்று, ஊரார் அறிந்தனர், கோயிற் சுவரிலே எழுத்து வெட்டப்பட்டது. எழுதியவன் இறந்தபின் பெட்டியிலிருந்து வெளிப்பட்டு, ‘இது மெய்யோ பொய்யோ’ என்று ஐயுறப்படும் ஓலையன்று அது.

மகனின்றி இறந்தவனது பொருள் யாதாயிற்று என்பதற்குக் காளிதாசரின் சாகுந்தலம் ஓர் எடுத்துக்காட்டு. தனமித்திரன் என்னும் வணிகன் கடலில் மூழ்கி இறக்கின்றான். மகவில்லாமையின் அவன் செல்வம் அரசனைச் சேரும் என்று அமைச்சர் எழுதியனுப்ப, துஷியந்தன் ‘அவன் மனைவியருள் யாரேனும் கருவுற்றிருக்கின்றனரா?’ என்று வினவுகின்றான். ஒருத்தி கருவுற்றிருத்தல் தெரிந்தபின், வயிற்றிலுள்ள அக்குழவிக்கே பொருள் உரியதாகின்றது. வணிகன் ஏதேனும் எழுதிவைத்தானா என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. உயிரோடிருந்த மனைவியர் தமக்கென ஒன்றும் பெறாது, ஒருத்தியின் வயிற்றிலிருந்த சிசு அனைத்தும் பெற்றதனைப் படிக்குந்தோறும், நம்மூர் முருகன் சந்நிதியில் பிள்ளைவரம் வேண்டி அனுமநதிப் படியிற் பாயசம் வார்த்துச் சிறார்க்கு ஊட்டும் வழக்கம் எமக்கு நினைவு வரும். பக்தியொடு கூட, ‘மகவில்லையேல் நாளை எனக்கு நிழல் யாது?’ என்னும் பெண்ணின் அச்சமும் அப்படிக்கட்டில் எத்துணை காலமாக நின்றிருக்கவேண்டும்!

கும்பினியார் காலத்திலேதான் உயில் சென்னைப் பட்டணத்திற் கால் ஊன்றியது. அதற்குப் புகழ்பெற்ற சான்று பச்சையப்ப முதலியாரது உயில். 1754-இல் பிறந்து, துபாஷித் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டி, நாற்பதாவது வயதிலே 1794 மார்ச்சு 31-ஆம் நாள் திருவையாற்றில் இறந்தவர் அவர். இறத்தற்குச் சில நாள் முன்பு, அம்மாதம் 22-ஆம் நாளில், தம் செல்வத்தைத் தெய்வத் திருப்பணிக்கும் அறத்திற்கும் உரியதாக்கி உயில் எழுதினார். எழுதியவர் கருதியது நன்று, நடந்ததோ வேறு. நிறைவேற்றவேண்டியவர் கையில் அறங்கள் தளர்ந்தன, உறவினர் வழக்கிட்டனர். சென்னை அட்வொகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்டன், அவர்க்குப் பின் ஜார்ஜ் நார்ட்டன் ஆகியோர் அறத்தின் சார்பில் சுப்ரீம் கோர்ட்டிலே முயன்றதன் பின்னரே அப்பணம் காக்கப்பட்டது. 1842 ஜனவரி 1-ஆம் நாள் பச்சையப்பர் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. உயில் எழுதிய நாளுக்கும் ஒரு சிறுவன் அதன் பயனாற் பலகையில் அமர்ந்து எழுத்துப் படித்த நாளுக்கும் இடையே நாற்பத்தேழு ஆண்டுக்குமேல் கழிந்தன. பெரிய மனிதரது உயிலாதலின் அதற்குக் காவலர் தோன்றினர். சிறு குடும்பத்தின் உயிலுக்கு யார் தோன்றுவர்? நிறைவேற்றுபவரைத் தேர்ந்தெடுத்தல், எழுதுவதனினும் கடினமான வேலை என்பதை நம் சங்கத்து அன்பர் இவ்வரலாற்றிற் காண்க.

கும்பினியாரும் முதலில் இக்கருவியை நம்பினாரில்லை. சென்னை மாகாணத்து 1829-ஆம் ஆண்டு 5-ஆம் ரெகுலேஷன், உயில் இந்துக்களுக்குப் பழக்கமில்லாதது என்றும், இந்து தர்மத்தோடு பொருந்துமளவே செல்லும் என்றும் விதித்தது. பின்னர் 1856-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலார், நாகலட்சுமி அம்மாள் வழக்கிலே, பண்டை இந்து தர்மத்தில் ஆங்கிலேயர் கருதும் பொருளில் உயில் இல்லை என்று கூறினரேனும், உயிரோடிருக்கும்போது கொடுக்க உரிமையுள்ள பொருளை ஒருவன் உயிலாலும் எழுதிவைக்கலாம் என்னும் வழக்கம் உறுதிப்பட்டுவிட்டது. ஆகவே மகனில்லாதவன் மனைவிக்கும் மகளுக்கும் தம்பி மகளுக்கும் பெயர் சொல்லி எழுத ஒரு வழி பிறந்தது.

அவ்வழியை அறியாமலோ, எடுத்துக்கொள்ளாமலோ இறந்தவர் குடும்பம் பட்ட பாட்டிற்குச் சிவகங்கை வழக்கே சாலும். 1801-இல் கும்பினியார் ஏற்படுத்திய ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் ஆண்மகவின்றி 1829-இல் இறந்தார். உடனே அவர் தமையன் வழியினர், ‘நாங்கள் பிரியாத குடும்பத்தார், சொத்து எமதே’ என்று கைப்பற்றிக்கொண்டனர். மனைவியர் ஒருவர்பின் ஒருவராகக் கோர்ட்டேறினர்; சிலர் தீர்ப்புக் காணாமலே மாண்டனர். இறுதியில் மகளான காத்தம நாச்சியார் இலண்டன்வரை சென்று, 1863-இல் வெற்றி பெற்றார். குடும்பம் பிரியாததாயினும், ஒருவர் தாமே பெற்ற சொத்து மனைவிக்கும், அவர்க்குப்பின் மகளுக்கும் போகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். முப்பத்துநான்கு ஆண்டு! தந்தையின் சாவின்போது தொட்டிலில் இருந்த பெண், தீர்ப்பின்போது பாட்டியாகியிருக்கலாம்.

மறத்தற்கென்றே எழுதிய உயிலும் அக்காலத்தில் இல்லாமலில்லை. கல்கத்தாவில் பிரசன்னகுமார தாகூர் என்னும் பெருஞ்செல்வர், கிறிஸ்தவரான தம் ஒரே மகன் ஞானேந்திர மோகனுக்கு ஒன்றுமில்லையென்று எழுதி, பிறவாத சந்ததிவரை நிரல் வகுத்து 1868-இல் மாண்டார். 1872-இல் பிரிவி கவுன்சிலார் அந்நிரலிற் பெரும்பகுதி செல்லாதென்றனர். முதலிற் பெயர் குறித்தவரின் வாழ்நாளுக்குப்பின் எஞ்சிய சொத்து மறுக்கப்பட்ட மகனையே சேருமாயிற்று. இறந்தவன் உலகத்தைத் தன் ஓலையால் என்றென்றும் ஆளவியலாது என்பது அன்றே காட்டப்பட்டது. முகம்மதிய தர்மமோ இதனை முன்னமே உணர்ந்து, வசிய்யத்தால் மூன்றிலொரு பங்குக்கு மேல் எழுதலாகாதென்று கட்டியுள்ளது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நம் அண்டை வீட்டிலிருக்கும் இசுலாமிய அன்பரிடத்து நாம் கற்கவேண்டியவற்றுள் இதுவும் ஒன்று என்பது எம் கருத்து.

1870-இல் இந்து உயிற் சட்டம் வந்தது. எழுத்தும் கையொப்பமும் சாட்சிகளும் வேண்டுமென்னும் அக்கட்டுப்பாடு நம் பக்கத்திற் சென்னை நகர்க்கு மட்டுமே உரியதாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலே சாகுங்காலத்து வாயாற் சொல்லியதும் உயிலாகக் கொள்ளப்பட்டது. 1927 ஜனவரி 1-ஆம் நாள் தொட்டே எழுத்துவிதி எங்கும் பரவிற்று. அதுவரை மூச்சு அடங்கும் நேரத்தில் யார் தலைமாட்டில் இருந்தாரோ அவர் சொல்லே உயிலாகும் நிலை இருந்தது. தலைமாட்டிற் பெரும்பாலும் பங்காளிகளே இருந்திருப்பர்.

இனி நம்மூரின் நிலை தனியே சொல்லத்தக்கது. தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லாவில் இருக்க, ஆய்க்குடியும் சாம்பவர் வடகரையும் செங்கோட்டைத் தாலுகாவைச் சார்ந்து திருவிதாங்கூர் மன்னர் ஆளுகையில் இருந்தன. காலை நடையிற் சென்று சேரும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு அரசு, இரண்டு கோர்ட்டு, இரண்டு சட்டம்.

அச்சமஸ்தானத்தின் தென்கோடியிலே நாஞ்சில்நாட்டு வேளாளரிடை மருமக்கள்வழி நிலவிற்று. தந்தையின் சொத்து மகனுக்கன்றித் தமக்கை மகனுக்குச் செல்லும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்னும் பெயரால் ஒரு சிறு பங்கே கிடைக்கும். கணவன் கண்மூடிய மறுநாளே வீட்டினின்று வெளியேறவேண்டிய பெண்டிரின் துயரைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாய்மொழியாகப் பாடினார்கள். நகைக்க வைத்தே நெஞ்சைச் சுடுவது அந்நூல். பலருடைய கிளர்ச்சியின் பயனாகக் கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் இயற்றப்பட்டு மக்களுக்கு உரிமை கிடைத்தது. ஒரு வகுப்பார் தம் வழக்கத்தைத் தாமே ஆராய்ந்து, தம் சபைகளிலே வாதிட்டு, சட்டமாக மாற்றிக்கொண்ட அச்செய்தி, இத்தகைய சங்கப் பத்திரிகையைப் படிப்போர் யாவரும் அறியவேண்டுவது.

அதே சமஸ்தானத்தில் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவர் தாயச் சட்டம், உயிலின்றித் தந்தை இறந்தால் மகளுக்கு, மகன் பங்கில் நாலிலொன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுட் குறைந்ததே என்று வரையறுத்தது. சமஸ்தானம் மறைந்தபின்னும் இவ்விதி மறையவில்லை. தந்தை உயிலெழுதாது இறந்தமையால் இவ்விதிக்குட்பட்ட மேரி ராய் என்னும் அம்மையார் வழக்காடி, 1986-இல் சுப்ரீம் கோர்ட்டிலே மகளும் மகனும் சமம் என்ற தீர்ப்பைப் பெற்றார்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1937-இல் இந்து மாதர் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கைம்பெண்ணுக்கு மகனோடு ஒத்த பங்கு, அவள் ஆயுள்வரை. ஆயினும் 1941-இல் பெடரல் கோர்ட்டார் அச்சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது என்றனர். 1947-இல் சென்னை மாகாணம் தனிச்சட்டம் இயற்றிய பின்னரே அவ்வுரிமை வயலுக்குள் இறங்கிற்று. சமஸ்தானத்துக்குள் இச்சட்டம் செல்லாது. தென்காசியில் வாழ்க்கைப்பட்ட அக்காளும் ஆய்க்குடியில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் ஒரே ஆண்டிற் கணவரை இழந்திருப்பின், அக்காள் பங்கு கேட்கலாம். தங்கை, கணவன் எதையேனும் எழுதிவைத்திருந்தாலன்றி, மைத்துனர் முகத்தையே பார்த்திருக்கவேண்டும். தங்கைக்கு உயில் எத்துணை பெரிய துணை என்பதை இதனினும் விளக்க வேண்டுவதில்லை.

1956-ஆம் ஆண்டு நம்மூரில் இரண்டும் மாறின. ஜூன் 17-ஆம் நாள் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டைப் பகுதி சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. ஐந்து திங்களுக்குள் சட்டமும் மாறி, அரசும் மாறிற்று. தந்தை தாமே தேடிய சொத்தில், உயில் இல்லையாயின், மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் சமபங்கினர் என்பது அச்சட்டம். பெண் தனக்குற்ற சொத்தை ஆயுள்வரை மட்டும் அனுபவிப்பவள் என்னும் பழைய கட்டும் அறுந்து, அவள் முழு உடைமையாளியானாள். ஆயினும் அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவை யாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பாகம் பிரியாத குடும்பச் சொத்திலும் தன் பங்கை ஒருவன் உயிலால் எழுதிவைக்கலாம் என்று அது முதன்முறையாக இடங்கொடுத்தது. மகளுக்குப் பங்கு வகுத்த சட்டமே, அப்பங்கை இல்லையாக்கவல்ல எழுதுகோலையும் தந்தையிடம் நீட்டிற்று. உயிலின் முகம் திரும்பியது இவ்விடத்தேதான்.

அதன்பின் பெண்ணுரிமை மேன்மேலும் விரிந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச்சு 25 முதல், அதற்கு முன் மணமானவர் நீங்கலாக, மகளும் பிறப்பினாலே பங்காளியானாள். 2005 செப்டம்பர் 9-ஆம் நாள் வந்த மத்திய சட்டத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்னும் வேற்றுமையையும் அகற்றிற்று. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு தெளிவித்தது. விஞ்ஞானேசுவரர் மகனுக்கு உரைத்த பிறப்புரிமை, ஒன்பது நூற்றாண்டு கழித்து மகளையும் வந்தடைந்தது.

சட்டம் விரிய விரிய, உயில் எழுதுவோர் தொகையும் பெருகுகின்றது. ஆசிரியத் தொழில்பற்றி, பத்திரங்களை வாசித்துப் பொருள் சொல்லுமாறு எம்மிடம் கொணர்வோர் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றில் ஒரு வாக்கியம் அச்சிட்டாற்போலக் காணப்படும்: மகள்மார்க்கு மணத்தின்போதே நகையும் சீர்வரிசையும் செய்துவிட்டமையால் அவர்கட்கு இச்சொத்தில் யாதொரு பாத்தியதையும் இல்லை. இவ்வாக்கியத்தை எழுதுவோர் கெட்டவரல்லர். மகளிடத்து அன்பில்லாதவரும் அல்லர். ஆயினும் நகை அடகுக்கடைக்குப் போகும். பாத்திரம் பரணில் ஏறும். சீரிற் பாதி சம்பந்திவீட்டு விருந்திலேயே கரையும். வயலோ இருந்த இடத்திலேயே இருந்து ஆண்டுக்கு இருமுறை நெல் கொடுக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் எங்ஙனம் ஒக்கும்? சில வீடுகளில் உயிலுக்கும் காத்திராமல், தந்தையின் கருமாதி முடிந்த கையோடு மகள்மாரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்திற் கையெழுத்து வாங்குதலும் நடக்கின்றது. கண்ணீர் காயாத முகத்தோடு இட்ட கையெழுத்தை மனமொப்பி இட்டதென்று யாம் கொள்ளமாட்டோம்.

உயிலே தீதென்று யாம் கூறுவதாக ஒருவரும் கருதற்க. சட்டம் இன்னும் மறந்திருப்பவர் உளர். மணமாகாது குடும்பத்துக்கே உழைத்து மூத்த தமக்கை, மனைவியும் மக்களும் இருக்கும் தம்பியின் சொத்தில் ஒன்றும் பெறாள். தத்துச் சடங்கின்றி எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. எல்லாவற்றினும் மேலாக, உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உடைய பிள்ளையைப் பெற்றோர், ‘எமக்குப்பின் யார்?’ என்று இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் நம் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் வாயிலாக இக்கவலையின் முகத்தை நம்மூரார் நேரிற் கண்டிருக்கின்றனர். அத்தகைய பிள்ளைக்கு மற்றவர்க்கு ஒத்த பங்கு எழுதுதல் போதாது, கூடுதலாக எழுதவேண்டும். எழுதியதையும் அப்பிள்ளை தானே ஆளமாட்டாதாயின், நம்பிக்கைப் பொறுப்பாகப் பொருளை ஒப்புவித்தல், வருவாயை யார் எவ்வாறு செலவிடுவதெனக் குறித்தல், பாதுகாவலரை முன்னரே ஏற்படுத்தல் ஆகியவை வேண்டும். மூளை முடக்குவாதம், தற்புனைவு நிலை, மனவளர்ச்சிக் குறை முதலியவை உடையார்க்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்துள்ளது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழுவிடம் விண்ணப்பிக்கவேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே இதனைச் செய்து முடித்தல் நலம்.

கோர்ட்டாரும் மறக்கப்பட்டோரைக் குறித்தே முதலில் வினவுவர். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது இதற்கு வழிகாட்டி. எழுதியவரின் மனநிலை தளர்ந்திருந்தாலோ, இயற்கையான வாரிசுகள் காரணமின்றி விலக்கப்பட்டிருந்தாலோ, பயன் பெறுபவரே முன்னின்று எழுதுவித்திருந்தாலோ, அவ்வையத்தை நீக்கும் பாரம் உயிலைக் கொணர்பவர்மேலது. ஆதலின் ஒருவர்க்குக் குறைத்தெழுதுவோர் அதன் காரணத்தையும் மறைக்காமல் எழுதுக. எழுத நாணும் காரணமாயின், குறைத்தெழுதுதலையே மறுபடி ஆராய்க.

மற்ற விதிகள் எளியன. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை; பதிவு கட்டாயமில்லை, ஆயினும் பதிந்துவைத்தல் பின்வரும் பூசலைக் குறைக்கும். எழுதுபவர் கையொப்பமிடுதலைக் கண்டோ, ‘இஃது என் கையொப்பமே’ என்று அவர் வாயாற் கேட்டோ, சாட்சிகள் இருவர் அவர்முன் கையொப்பமிடல் வேண்டும். சாட்சிகளுள் ஒருவரேனும் பின்னாளில் கோர்ட்டில் வந்து சொல்லவேண்டுமாதலின், எழுதுபவரினும் மூத்த கிழவர் இருவரைத் தேடிப் பிடித்து நிறுத்தும் நம் வழக்கம் மரியாதைக்கு ஏற்றதேயன்றிக் காரியத்துக்கு ஏற்றதன்று. முன்னெழுதியதை உயிரோடிருக்கும்வரை எத்துணைமுறையும் மாற்றலாம், கடைசியிலெழுதியதே நிற்கும். நிறைவேற்றுபவராக ஒருவரைக் குறிப்பதோடு, அவர் முந்திவிட்டால் வேறொருவர் என்று மாற்றாளையும் குறித்தல், பச்சையப்பர் அறம் பட்ட பாட்டை அறிந்தோர் செய்யவேண்டுவது.

இறுதியாக, ஆய்க்குடி, செங்கோட்டைப் பக்கத்துக் குடும்பத்தார்க்கு ஒன்று. 1956-க்கு முற்பட்ட நம் பத்திரங்கள் பல கொல்லம் ஆண்டிலே நாளிடப்பட்டவை. ஆவணி முதல் மார்கழி நடுவரையுள்ள நாளாயின் 824-உம், அதன்பின் ஆடி முடியவுள்ள நாளாயின் 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1101 தை என்பது 1926. அந்நாள் எந்தச் சட்டம் நடந்த காலத்தது, அப்போது உயிரோடிருந்த பாட்டியார், அத்தைமார் யாவர் என்று தேர்ந்து, அவர் பெயரையும் அவர் வழியினர் பெயரையும் குடும்பக் கொடிவழியில் எழுதிக்கொண்ட பின்னரே உயிலெழுத உட்காருக. பழம் பத்திரங்களிற் பெண்டிர் பெயர் அரிதாகவே வரும். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் இருக்கும். வீட்டிலுள்ள மூத்த தாய்மாரைக் கேட்டால் பெயர் தெரியவரும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.